ஏடபிள்யூஎஸ் டெவலப்பர் தேர்வில் கியூ கேள்விகள்: நான் படித்த விதம்

ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) டெவலப்பர் அசோசியேட் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரும் லாம்டா (நாம் சர்வரைப் பராமரிக்காமல் கோடை ஓட்டும் சேவை), டைனமோடிபி (டேட்டாபேஸ்) பக்கமே நேரத்தைக் கொட்டிவிட்டு, எஸ்கியூஎஸ் (மெசேஜ்களை எடுக்கும்வரை வைத்திருக்கும் கியூ), எஸ்என்எஸ் (ஒரே மெசேஜைப் பல இடங்களுக்கு அனுப்பும் சேவை) இரண்டையும் கடைசி ராத்திரிக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். 65 கேள்வி, 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் பாஸ். கியூ கேள்வி தனியாக வரும் என்று காத்திருக்காதீர்கள். லாம்டா கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

முதலில் ஒரு ஸ்டாண்டர்ட் (சாதாரண வகை) கியூ உருவாக்கி, சிஎல்ஐ (கமாண்ட் லைன்) வழியாக ஒரு மெசேஜ் போடுங்கள். அதை எடுத்துவிட்டு அழிக்காமல் விடுங்கள். 30 நொடி கழித்துக் கேட்டால் அதே மெசேஜ் திரும்ப வந்து நிற்கும். விசிபிலிட்டி டைம்அவுட் எனக்குப் புரிந்தது இப்படித்தான், வீடியோ பார்த்து அல்ல. எடுத்த மாத்திரத்தில் மெசேஜ் கியூவை விட்டுப் போவதில்லை. கொஞ்ச நேரம் மற்றவர் கண்ணில் படாது, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் எடுத்தவர்தான் அழிக்க வேண்டும். 'ஒரே ஆர்டருக்கு இரண்டு மெயில் போகிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்டால் முதலில் இங்கே பாருங்கள். வேலைக்கு 2 நிமிடம் ஆகிறது, டைம்அவுட் 30 நொடி என்று இரண்டு எண்களும் கேள்வியில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். கியூவிலிருந்து எடுப்பது லாம்டா என்றால், விசிபிலிட்டி டைம்அவுட்டை லாம்டா ஃபங்ஷன் டைம்அவுட்டைப் போலக் குறைந்தது 6 மடங்கு வைக்கச் சொல்கிறது ஏடபிள்யூஎஸ் ஆவணம்.

இன்னொன்று, டெட் லெட்டர் கியூ. எத்தனை முறை எடுத்தும் வேலை முடியாத மெசேஜை இங்கே ஒதுக்க வேண்டும் என்று நாமே எண்ணிக்கை கொடுக்கிறோம். ஃபிஃபோ கியூவுக்கு (மெசேஜை வந்த வரிசையிலேயே தரும் வகை) இதுவும் ஃபிஃபோவாகத்தான் இருக்க வேண்டும். ஃபிஃபோ கியூவுக்கு ஸ்டாண்டர்ட் டெட் லெட்டர் கியூ என்று தவறான விடைகளில் அடிக்கடி செருகிவைப்பார்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான்: மெசேஜ் இயல்பாக 4 நாள் இருக்கும், 14 நாள் வரை நீட்டலாம், லாங் போலிங் (மெசேஜ் வரும்வரை காத்திருந்து கேட்பது) 20 நொடி வரை, டிலே (போட்ட மெசேஜைத் தாமதித்துக் காட்டுவது) 15 நிமிடம் வரை, ஃபிஃபோவில் டூப்ளிகேட் பார்ப்பது 5 நிமிடத்துக்குள்.

ஒரு ஆர்டர் வந்ததும் பில்லிங், ஸ்டாக், மெயில் மூன்றுக்கும் தெரிய வேண்டும் என்றால் எஸ்என்எஸ் டாபிக்குக்கு (மெசேஜைப் பிரித்து அனுப்பும் பொது முகவரி) அனுப்பி, அதன் கீழே மூன்று கியூ. பில்லிங் சர்வர் படுத்துக்கிடந்தாலும் அதன் பங்கு அதன் கியூவில் காத்திருக்கும். இதைப் படம் வரைந்தால் மட்டும் போதாது, கட்டிப் பாருங்கள். சப்ஸ்கிரிப்ஷன் (டாபிக்கோடு கியூவை இணைப்பது) எல்லாம் சரியாக இருந்தும் மெசேஜ் வரவில்லையென்றால், அந்த டாபிக் எழுத கியூ பாலிசியில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.