செப்பியாவில் வெற்றிலைப் பச்சை

பினாங்குக்கு கேமராவோடு போகிறவர்கள் முதலில் ஓடுவது ஆர்மேனியன் தெருவுக்கு. 2012-ல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் முன்னால் ஒரு வரிசையும் இருக்கிறது. நான் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, ஃபெரி பிடித்து, லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, குவீன் தெரு மாரியம்மன் கோயில் பக்கம் போனேன். 1833-ல் எழுந்த கோயில். சுற்றிலும் காரை உதிர்ந்த கடைவீடுகள், மரச் சன்னல்கள், கடைகளின் முன்னால் நிழலாக ஓடும் அஞ்சடி நடைபாதை. பழைய போட்டோக்களின் பழுப்புச் சாயலான செப்பியாவுக்கென்றே அமைந்த தெரு.

ஒரு பூக்கடையில் நின்றேன். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "எடுங்க தம்பி, கை மட்டும். மூஞ்சி வேண்டாம்" என்றார், தலை நிமிராமலே. வாழைநாரில் செவ்வந்தியை வைத்து இழுத்து முடிச்சுப் போடும் விரல்கள். பக்கத்தில் ஈரத்துணியில் வெற்றிலைக் கட்டு.

படம் முழுவதையும் செப்பியாவாக்கி ஒரு நிறத்தை மட்டும் அப்படியே விட்டுவைப்பதென்றால் யாருக்கும் கை செவ்வந்தி மஞ்சளுக்குத்தான் போகும். கறுப்பு வெள்ளையில் அது சரி. செப்பியாவே ஆரஞ்சு கலந்த பழுப்பு; மஞ்சளும் காவியும் அதற்குள் கரைந்து, அழுக்குப் பட்டதுபோல் ஆகிவிடும். எடுபடுவது பச்சையும் நீலமும். வெற்றிலையைப் பச்சையாகவே விட்டேன், பூக்கள் பழுப்பிலேயே இருக்கட்டும்.

போட்டோஷாப்பில் கீழே கலர் லேயர், அதன் நகல் மேலே. மேலதை முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, அப்புறம் பழுப்பேற்றி, மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்க உதவும் திரை) போட்டு வெற்றிலை இருக்கும் இடத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் திறந்தேன். பச்சையை அப்படியே விட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரியும். அஞ்சடி நிழலில் கேமரா சற்று நீலம் பூசிவிடும் வேறு. அதனால் பச்சையின் அடர்த்தியைக் குறைத்து, துளி மஞ்சள் சேர்க்க வேண்டும். இலையோரத்தில் விரலின் மேல் விழும் பச்சைச் சாயலையும் கொஞ்சம் விட்டுவைத்தேன். அதை முழுக்கத் துடைத்தால் இலை அந்தரத்தில் மிதக்கும்.

கல்யாண ஆல்பங்களில் சிவப்பு ரோஜாவை மட்டும் கலரில் விட்டு இந்த உத்தியின் மானத்தை வாங்கிவிட்டார்கள். செப்பியாவோடு அதற்கு உள்ள உறவு பழையது. இருட்டறைக் காலத்தில் படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றித்தான் அந்தப் பழுப்பை வரவழைத்தார்கள். படமும் சீக்கிரம் மங்காது. அப்படிப்பட்ட படங்களின் மேல் ஸ்டூடியோக்காரர்கள் புடவைக்கும் கன்னத்துக்கும் கையால் சாயம் தீட்டினார்கள்.

லீத் தெருவில் சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலச் சுவர் செப்பியாவில் பளிச்சென்று நிற்கும். ரொம்பச் சுலபம், அதனாலேயே எனக்கு அலுப்பு. மாறாக, பிளாஸ்டிக் பூக்களை அள்ளிச் சொருகிய ட்ரைஷா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, ஒன்று சிக்கியது. அதில் எந்த நிறத்தை விடுவது, எதை எடுப்பது? முழுக் கலரிலேயே விட்டுவிட்டேன்.