காலி ட்ராலியின் தோல்

சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பேக்கேஜிங் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். பேக்கேஜிங் என்றதும் அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு முக்கால்வாசி வேலை இரும்போடு. கார் கதவு, பானெட், பம்பர் இவற்றை அடுக்கி லாரியில் ஏற்றுகிற இரும்புச் சட்டங்கள். நிரம்பிப் போகும், காலியாகத் திரும்பி வரும், மறுபடி நிரம்பிப் போகும். பேப்பரில் அதற்கு ரேக் என்று பெயர். ஷாப் ஃப்ளோரில் சக்கரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ட்ராலிதான்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு புகார் வந்தது. முன்கதவுகளில் மெல்லிய கீறல். பெயின்ட் அடிக்காத வெறும் தகட்டில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பெயின்ட் ஏறி, பளபளப்பு வந்து, ட்யூப்லைட் வரிசைக்குக் கீழே நிறுத்தினால்தான் கோடாகத் தெரியும். கார் தொழிற்சாலைக்குப் போய் நான்கு கதவுகளைப் பார்த்தேன். எல்லாக் கீறலும் கீழ் விளிம்பிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தது. டேப்பில் அளந்துகொண்டு வந்து எங்கள் ட்ராலியில் வைத்துப் பார்த்தால், கதவு சாய்கிற இரண்டாவது கையின் உயரம் அதே அளவு. பாகங்களைத் தாங்கச் சட்டத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பைத்தான் நாங்கள் கை என்போம். அந்தக் கையில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிப் போர்த்தி, கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். ட்யூப் வெயிலில் வெடித்து, கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ட்யூபைக் கட்டியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெறும் இரும்பில் கதவைச் சாய்க்க அவருக்கு மனசு வரவில்லை, கையில் கிடைத்ததைக் கட்டினார். அந்த அக்கறைக்கு ஏற்ற பொருளை நாங்கள்தான் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

முதலில் பவுடர் கோட்டிங் செய்து பார்த்தோம். ட்ராலி அழகாக வந்தது. ஆனால் பவுடர் பூச்சின் தடிமன் வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். துருவைத் தடுக்கும், மெத்தையாக இருக்காது. லாரி ஓடுகிற நேரம் முழுக்கக் கதவு அந்தக் கையின் மேல் நடுங்கிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் தொடும் இடங்களில் பூச்சு தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்தது.

அடுத்து வந்ததுதான் எல்லோரும் ரப்பர் கோட்டிங் என்று சொல்லும் பிளாஸ்டிசால். உண்மையில் அதில் ரப்பர் கிடையாது. பிவிசி பொடியை, அதை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலக்கி வைத்த குழம்பு அது. இதற்கு வேண்டிய பேஸ்ட் வகை பிவிசி பொடி நம் மேட்டூரிலேயே தயாராகிறது. டேங்கில் இருக்கும்போது தோசை மாவு பதம். இரும்பைச் சூடாக்கி அதில் முக்கினால் சூடு பட்ட இடத்தில் கூழாகிப் பிடிக்கும். வெளியே எடுத்து 180, 200 டிகிரி ஓவனில் வைத்தால் பொடியும் திரவமும் ஒன்றாகி, வளைந்து கொடுக்கும் தோலாக மாறும். இரும்பு எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு நேரம் முங்கியிருந்தது என்பதை வைத்து 2, 3 மில்லிமீட்டர் வரை ஏறும். டேங்கிலிருந்து தூக்கும்போது அவசரப்படக் கூடாது. வேகமாகத் தூக்கினால் கீழ்முனையில் சொட்டு சொட்டாகத் தொங்கி அப்படியே உறைந்துவிடும்.

1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமான் என்ற வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்ததுதான் இந்த இளகிய பிவிசி. பசை தேடிப் போனவருக்குக் கிடைத்த பொருள் இரும்போடு தானாக ஒட்டாது. அதனால்தான் இன்றைக்கும் முக்குவதற்கு முன்னால் ஒட்டுவதற்கென்றே ஒரு ப்ரைமர் அடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நான் அப்போதே மனதில் ஏற்றியிருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

2015 நவம்பர், டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும். காலி ட்ராலிகள் நிற்கிற யார்டில் முழங்கால் தண்ணீர். நாள்கணக்கில் நின்றது. வடிந்த பிறகு வெளியே பார்க்க ட்ராலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஜனவரியில் ஒரு ஆபரேட்டர் கூப்பிட்டார். "சார், இங்க வந்து பாருங்க" என்று ட்ராலியின் ஒரு கையிலிருந்த பூச்சைப் பிடித்து இழுத்தார். முழுக்கைச் சட்டையின் கை கழன்று வருவதுபோல மொத்தப் பூச்சும் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே இரும்பு முழுக்கச் செம்பொடி. அன்று சாயங்காலத்துக்குள் 40 கைகளை அப்படி உருவினோம்.

பூச்சு மட்டம் என்று முடிவு கட்டிக்கொண்டு திருமுடிவாக்கத்தில் இருந்த கோட்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே ஷாட் பிளாஸ்டிங், அதாவது சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து இரும்பின் மேற்பரப்பைச் சுத்தம் செய்கிற வேலை, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எல்லோரும் அண்ணே என்பார்கள். நான் கொண்டுபோன தோலை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, மருந்துல குறை இல்ல. எண்ணெய் மேல ஒட்டியிருக்கு. இந்த ஓரத்தப் பாருங்க, காகிதம் மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ரெண்டு மில்லி இருக்கு. ஓரத்துல எங்க நிக்கும்?"

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஃபேப்ரிகேஷன் ஆட்கள் பட்டையை வெட்டினார்கள், வெல்டு செய்தார்கள், அப்படியே அனுப்பினார்கள். வெட்டிய ஓரம் கத்தியாக இருந்தது. எந்தப் பூச்சும் திரவமாக இருக்கும்போது கூர்மையான ஓரத்தைவிட்டு உள்ளே ஒதுங்கிவிடும். சமதளத்தில் 2 மில்லி இருப்பது ஓரத்தில் கால் மில்லிகூட இருக்காது. முதல் அடி அங்கேதான் படும், முதல் வெட்டு அங்கேதான் விழும். தண்ணீர் உள்ளே போக ஒரு வழி கிடைத்தால் போதும். ஒட்டாத இடமெல்லாம் அதற்குப் பாதை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பூச்சை அதுவே நெம்பித் தூக்கும். கனமான பூச்சு இதில் இன்னொரு ஆபத்து. உள்ளே நடப்பதை வெளியே காட்டாது.

எண்ணெய் விஷயமும் நான் தவறாக நினைத்திருந்ததுதான். பிளாஸ்டிங் செய்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பினேன். துரு போகும், கருப்புச் செதில் போகும், எண்ணெய் போகாது. இரும்புக் குண்டுகள் அதை மேற்பரப்பில் இன்னும் பரப்பிவிடும். அதே குண்டுகள் திரும்பத் திரும்பச் சுழல்வதால் ஒரு ட்ராலியின் எண்ணெய் அடுத்த பத்து ட்ராலிக்கும் போய்ச் சேரும். முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் பிளாஸ்டிங். அந்த வரிசையை மாற்றக் கூடாது.

அதிலிருந்து டிராயிங்கில் மூன்று வரி சேர்த்தேன். எல்லா ஓரமும் 2 மில்லி ஆரத்துக்கு உருட்டப்பட வேண்டும். வெல்டிங் பொறி தெறித்து ஒட்டிய பொட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. விட்டு விட்டு வைத்த வெல்டு வேண்டாம், சுற்றிலும் மூடிய வெல்டு வேண்டும். மூன்றாவது வரியால் உடனே ஒரு பாடம் கிடைத்தது. சுற்றிலும் மூடிய பாக்ஸ் பைப்பை ஓவனில் வைத்ததும் உள்ளே தங்கியிருந்த கழுவிய தண்ணீர் கொதித்து, வெல்டில் இருந்த ஊசித்துளை வழியாகச் சீறி, பூச்சில் குமிழ் குமிழாக வெடித்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மூடிய பைப்புக்கும் கீழ்ப்பக்கம் ஒரு காற்றுத் துளை என்று நான்காவது வரி வந்தது.

பர்ச்சேஸ் மீட்டிங்கில் இதற்காக நான் நிறையச் சண்டை போட்டேன். கிரைண்டிங் ஆள் ஒருவர் ஒரு ட்ராலிக்கு அரை நாள் செலவழிக்கிறார், அது எதற்கு என்பார்கள். பூச்சுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், பூச்சுக்கு அடியில் போகிற உழைப்புக்குக் கணக்குப் பார்த்தார்கள். அந்த கிரைண்டிங் ஆள் காதில் பஞ்சும் கண்ணில் கண்ணாடியுமாக ஓரத்தை உருட்டி, கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துண்டை எடுப்பார். அவர் தேய்த்த ட்ராலிகளில் ஒன்றுகூட நான் இருந்தவரை உரிந்து திரும்பி வரவில்லை.

கைகளைக் கழற்றி டேங்கில் முக்கலாம். முழு அடிச்சட்டத்தை முக்க அவ்வளவு பெரிய டேங்கோ ஓவனோ அந்தப் பட்டறையில் இல்லை. பெரிய சட்டங்களுக்குப் பாலியூரியா ஸ்பிரே செய்தோம். இரண்டு திரவங்களை 70 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் கொடுத்து, துப்பாக்கியின் வாயில்தான் சந்திக்க விடுவார்கள். சில விநாடிகளில் இறுகிவிடும். ஓவன் வேண்டாம். பாலியூரித்தேன் ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கும், பாலியூரியாவுக்கு அந்தத் தொல்லை குறைவு. நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றது என்று நினைத்தேன். காற்றின் ஈரத்துக்கு அது ஏற்றதுதான். ஆனால் இரும்பின் மேல் படிந்திருக்கும் ஈரத்துக்கு எந்தப் பூச்சும் ஏற்றதில்லை. இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பமான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலின் பொது விதி. ஐப்பசி, கார்த்திகைக் காலையில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலையே 25-ஐத் தாண்டிவிடும். இரவு முழுக்கக் குளிர்ந்த சட்டம் அந்த இடைவெளியைத் தொடாது. அதனால் அந்த மாதங்களில் காலை 10 மணிக்கு முன்னால் துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம்.

பாலியூரியா அடிக்கிற இடத்தில் நான் ஒருநாள் வேலையையே நிறுத்தியிருக்கிறேன். ஸ்பிரே செய்த பையனுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தான். அதில் ஒரு பாகம் ஐசோசயனேட். அதன் மூடுபனி மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு துளி அளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வரும்வரை அங்கே வேலை நடக்கக் கூடாது என்றேன். டெலிவரி நான்கு நாள் தள்ளிப்போனது. அந்த நான்கு நாளைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை.

எல்லா ட்ராலிக்கும் ஒரே பூச்சு போதும் என்ற எண்ணமும் உடைந்தது. கதவில் நன்றாக வேலை செய்த பிளாஸ்டிசாலை, பெயின்ட் அடித்த பம்பர் ட்ராலிக்கும் போட்டோம். கோடை விடுமுறையில் லைன் ஒரு வாரம் நின்றபோது நிரம்பிய ட்ராலிகள் ஷெட்டில் அப்படியே இருந்தன. எடுத்துப் பார்த்தால் பம்பர் சாய்ந்திருந்த இடத்திலெல்லாம் மங்கலான தடம். துடைத்தால் போகவில்லை. பூச்சை இளக்கி வைத்திருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்லக் கசிந்து பம்பரின் பெயின்டுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த மாதிரித் திரவம் பாலிகார்பனேட் விளக்குக் கண்ணாடியில் பட்டால் மயிரிழை விரிசலே விடும். பம்பர் தொடும் இடங்களில் பிளாஸ்டிசாலை எடுத்துவிட்டு மென்மையான துணி போர்த்திய பாலிஎத்திலீன் ஃபோம் வைத்தோம். அது சீக்கிரம் கிழியும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பரவாயில்லை, பம்பரில் தடம் விழாது.

ரிப்பேர்தான் நாங்கள் தாமதமாகக் கவனித்த இடம். ஃபோர்க்லிஃப்ட் இடித்து வளைந்த கையை ராத்திரி ஷிப்டில் ஒரு வெல்டர் பூச்சோடு சேர்த்தே வெல்டு செய்தார். பிவிசி சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண் எரிந்து, தொண்டை கமறி, வெளியே ஓடிவந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவரிடம் பேசும்போது "வழக்கமா வர்ற புகைதானேன்னு நினைச்சேன் சார்" என்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். வெல்டு விழும் இடத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குப் பூச்சைக் கத்தியால் சீவி எடுத்த பிறகுதான் வெல்டிங் என்று எழுதி, ஒவ்வொரு ட்ராலியிலும் தமிழில் ஸ்டென்சில் அடித்தோம்.

மென்மையான பூச்சில் இரும்புப் பிசிறு போய்க் குத்திக்கொண்டால் அதுவே உப்புத்தாளாகிவிடும். அதனால் காலி ட்ராலி திரும்பி வந்ததும் ஈரத்துணியால் கைகளைத் துடைக்க ஷிப்டுக்கு இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவரைத்தான் கொடுத்தார்கள். அந்த அம்மா துடைத்துக்கொண்டே விரலால் தடவி வருவார். எங்கேயாவது வெட்டுப் பட்டிருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார். அந்த வட்டங்களைத்தான் நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை ரிப்பேர் செய்வோம். மழைக்கு முன்னால் வாரம் தவறாமல் செய்வோம்.

நான் வேலையை விட்ட வருடம் அந்தக் கார் மாடல் நின்றது. அதற்கான ட்ராலிகள் எல்லாம் ஸ்கிராப்புக்குப் போயின. கேஸ் கட்டர் வைப்பதற்கு முன்னால் பூச்சைச் சீவ வேண்டும் அல்லவா, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த கிரைண்டிங் ஆள் தேய்த்த தொகுதி அது. ஏழு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கை. கத்தி சுலபமாக இறங்கவில்லை, துண்டு துண்டாகப் பிய்த்துத்தான் எடுத்தார்கள். அடியில் இரும்பு, பிளாஸ்டிங் அறையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். உருண்டையாகவே இருந்தது.