வாளியா, கண்ணாடியா, எஃகா?

லீட்ஸில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பியரை நொதிக்கவைக்கும் பாத்திரங்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன: ஒரு வெள்ளை வாளி, கார்பாய் எனப்படும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவை, ஒரு எஃகுக் கலன். ஆறு ஆண்டுகளாக வீட்டில் பியர் தயாரித்துவரும் நான் இன்றும் பெரும்பாலும் கையில் எடுப்பது முதன்முதலில் வாங்கிய வாளியைத்தான். மற்ற இரண்டுக்கும் கொடுத்த பணத்தை நினைத்தால் இதைச் சொல்லவே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பிரிட்டனில் வீட்டுத் தயாரிப்பு என்றாலே ஐந்து காலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் என்பதுதான் வழக்கமான அளவு. அதற்கு 23 லிட்டர் பாத்திரம் போதாது. ஈஸ்ட் சேர்த்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழும் நுரைக்கு இடம் விடவேண்டும் என்பதால் 30 லிட்டர் வாளியே பொருத்தமானது. இட்லி மாவை விளிம்புவரை ஊற்றி வைத்துவிட்டு, விடிந்ததும் அடுப்பு மேடையைத் துடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை நான் பேராசைப்பட்டு நிரப்பியபோது, பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் துணுக்குகள், வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக்கை அடைத்து, உள்ளே சேர்ந்த அழுத்தம் மூடியையே தூக்கி எறிந்தது. அதன் பழுப்புக் கறை கூரையில் இன்னும் இருக்கிறது.

வாளி ஹெச்டிபிஇ பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் சுவர் வழியே ஆக்சிஜன் சிறிதளவு கசியும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் ஏல் எனும் சாதாரண பியர் வகைக்கு அது பொருட்டல்ல, மாதக்கணக்கில் கிடக்கவேண்டிய பியருக்குத்தான் சிக்கல். மூடி முழுமையாகப் பொருந்தாத வாளிகளில் வாயு ஓரங்கள் வழியே வெளியேறிவிடுவதால் ஏர்லாக்கில் குமிழி வராது. புதியவர்கள் அதைக் கண்டு நொதித்தலே தொடங்கவில்லை என்று பதறி மறுபடியும் ஈஸ்ட்டைக் கொட்டுகிறார்கள். ஹைட்ரோமீட்டர் எனும் அடர்த்திமானி காட்டும் அளவு, சர்க்கரை ஆல்கஹாலாக மாறுவதால், இறங்கிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள்.

வாளியின் உண்மையான பகை கீறல்தான். கம்பிநாரால் தேய்த்த பிளாஸ்டிக்கில் விழும் நுண்ணிய கோடுகளுக்குள் பாக்டீரியா ஒளிந்துகொண்டால் எந்தக் கிருமிநாசினியும் முழுமையாக எட்டாது. அதைவிட மோசமான இடம் அடியில் உள்ள குழாய். அடுத்தடுத்து இரண்டு முறை பியர் புளித்துப்போக, வாளியைக் குறைசொல்லிக்கொண்டிருந்த நான், ஓராண்டாகக் கழற்றாத அந்தக் குழாயைத் திருகிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுழலும் பகுதியைச் சுற்றிக் காய்ந்த ஈஸ்ட், பழைய நெய்ச்சட்டியின் விளிம்பைப்போல் பழுப்பு வளையமாக ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் குழாயைத் தனித்தனியாகப் பிரித்து, சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைக்கிறேன். புளிப்பு திரும்பவில்லை.

கண்ணாடியில் கீறல் விழாது, ஆக்சிஜன் புகாது, நுரை ஏறி இறங்குவதைக் கண்ணாரக் காணலாம். ஆனால் ஒளியும் புகும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளிபட்டுச் சிதைந்தால் கந்தகம் கலந்த நாற்றம் பிறக்கும் என்பதால் அதைத் துணியால் மூடியே வைக்கவேண்டும், அப்போது பார்க்கும் இன்பமும் போய்விடுகிறது. நிறைந்த கார்பாய் 30 கிலோவைத் தாண்டும். கழுத்து குறுகியது, கை நுழையாது. கிருமிநாசினி பட்ட ஈரக் கையோடு அதைத் தூக்கும்போது நழுவினாலோ, குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீரை ஊற்றினாலோ உடைந்து சிதறும்; நரம்பு வரை வெட்டுப்பட்டுத் தையல் போட்டவர்கள் உண்டு. என் கருத்தில், ஐந்து காலன் அளவில் கண்ணாடி தேவையே இல்லை.

எஃகுக் கலன் அழகானது. கூம்பு வடிவ அடியில் படியும் ஈஸ்ட்டைக் கீழ்வால்வு வழியே இறக்கிவிடலாம். வெந்நீருக்கும் அஞ்சாது, குளோரின் கலந்த பிளீச்சை மட்டும் அருகில் கொண்டுபோகக் கூடாது. ஆனாலும் நல்ல பியருக்கு உயரமான எஃகுதான் வேண்டும் என்பதில்லை. எங்களுக்கு அருகே டாட்காஸ்டரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலை, யார்க்‌ஷயர் ஸ்கொயர் எனப்படும் கற்பலகைத் தொட்டிகளில்தான் இன்றும் ஏல் நொதிக்க வைக்கிறது.

நண்பர்கள் கேட்டால், 30 லிட்டர் வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் பழைய ஃபிரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கச் சொல்கிறேன். நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடுவதால் உள்ளே இருக்கும் திரவம் அறையைவிடச் சில டிகிரி சூடாகிவிடும். ஏல் ஈஸ்ட்டை 18 முதல் 20 டிகிரிக்குள் வைத்திருப்பது பாத்திரத்தின் பொருளைவிடச் சுவையை அதிகம் மாற்றுகிறது. வாங்கும் முன் ஃபிரிட்ஜின் உட்புற உயரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். என் எஃகுக் கலன் ஏர்லாக்கோடு சேர்த்து நான்கு சென்டிமீட்டர் கூடுதலாகிப்போனதால்தான் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.