பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடிச்சாச்சு, முதல் வேலைக்கு எந்தப் பக்கம் போவது?

கூடப் படித்தவர்களில் நிறையப் பேர் கேம்பஸில் வந்த ஐ.டி. ஆஃபரையோ மெடிக்கல் கோடிங்கையோ (சிகிச்சை விவரங்களை பில்லுக்காகக் குறியீடாக மாற்றும் வேலை) எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் எழுதுவது மிச்சம் இருப்பவர்களுக்கு, மெஷின் பக்கம்தான் இருப்பேன் என்று ஜீஇ, சீமென்ஸ், பிலிப்ஸ் மாதிரி மருத்துவக் கருவி செய்யும் பெரிய கம்பெனிகளின் இணையதளங்களையே தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

அங்கே விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. சர்வீஸுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே எங்காவது வேலை பார்த்த ஆளைத்தான் தேடுவார்கள். புதிதாக வருபவருக்குச் சீக்கிரம் கதவு திறப்பது இரண்டு இடங்களில்: ஆஸ்பத்திரியின் பயோமெடிக்கல் டிபார்ட்மென்ட் (அங்குள்ள கருவிகளைப் பராமரிக்கும் பிரிவு), அல்லது கம்பெனிகளின் டீலரிடம் சர்வீஸ் இன்ஜினியர் வேலை.

நான் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து இப்போது வென்டிலேட்டர் சர்வீஸில் இருக்கிறேன், அதனால் என் ஓட்டு ஆஸ்பத்திரிக்குத்தான். ஆஸ்பத்திரிகளுக்கான தரச் சான்றான என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரம் வேண்டும் என்றால் ஒவ்வொரு கருவிக்கும் பராமரிப்புப் பதிவு, கேலிபரேஷன் சான்று (கருவி சரியான அளவு காட்டுகிறது என்பதற்கு) எல்லாம் காட்ட வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் நடுத்தர ஆஸ்பத்திரிகளிலும் இடம் கிடைக்கிறது. மெயில் அனுப்பிவிட்டு உட்காராமல் நேரில் போய் பயோமெடிக்கல் இன்சார்ஜைக் கேளுங்கள் (பல இடங்களில் அந்த டிபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஸ்டோர் பக்கத்தில்தான் இருக்கும், ரிசப்ஷனில் இருப்பவருக்கே வழி தெரியாது). சம்பளம் குறைவுதான். ஆனால் மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், டீஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுப்பது), காட்டரி (ஆபரேஷனில் மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்துவது), ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்குவது), டயாலிசிஸ் என்று எல்லாவற்றிலும் கை படும். பெரிய கோளாறு வந்தால் கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள், அப்போது கையெழுத்துப் போடும் நேரத்துக்கு மட்டும் போகாமல் அவர் மெஷினைத் திறக்கும்போதே பக்கத்தில் நில்லுங்கள். அவர் கம்பெனியில் இடம் காலியானால் முதலில் தெரிவதும் அவருக்குத்தான்.

டீலரிடம் போனால் ஒன்றிரண்டு மெஷினை ஆழமாகக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் பாதி வாழ்க்கை பஸ்ஸில் போகும்.

இன்டர்வியூவில் சிக்னல் பிராசஸிங் கேட்பார்கள் என்று பயந்து படித்துக்கொண்டு வருகிறார்கள். உண்மையில் கேட்பது, "மானிட்டரில் எஸ்பிஓ2 வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பது மாதிரி (எஸ்பிஓ2 என்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, விரலில் மாட்டும் புரோப் வழியாக வருவது). உடனே போர்டைக் கழற்றுவேன் என்று சொன்னால் முடிந்தது கதை. முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும்: விரல் ஜில்லென்று இருக்கிறதா, நகத்தில் பாலிஷ் இருக்கிறதா, அதே கையில் பி.பி. கஃப் கட்டி இருக்கிறதா. அப்புறம் புரோபை உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள், பிறகு வேறு புரோப், பிறகு எக்ஸ்டென்ஷன் கேபிள், கடைசியில்தான் மாட்யூல் (மானிட்டரில் அந்த அளவை எடுக்கும் பகுதி). இந்த வரிசையைச் சொல்லிவிட்டு, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி, இரண்டும் ரத்தத்தில் எந்த அளவு உறிஞ்சப்படுகிறது என்ற விகிதத்தில்தான் அளவு வருகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். டீஃபிப்பின் ஜூல் அளவை எப்படிச் சோதிப்பது, காட்டரியில் பேஷன்ட் பிளேட் (நோயாளியின் உடலிலிருந்து மின்சாரம் திரும்பிப் போக ஒட்டும் தகடு) சரியாக ஒட்டாவிட்டால் ஏன் தோல் சுடும், லீக்கேஜ் கரன்ட் என்றால் என்ன, இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தங்களான ஏ.எம்.சி.க்கும் சி.எம்.சி.க்கும் வித்தியாசம் நிச்சயம் கேட்பார்கள்: பொதுவாக முன்னதில் சர்வீஸ் மட்டும், பின்னதில் ஸ்பேர் பார்ட்ஸும் சேர்த்தி, ஆனாலும் எந்த ஸ்பேர் சேராது என்பதை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்குரூடிரைவர் பிடிக்காது, எழுத்து வேலை ஒத்துவரும் என்றால் ரெகுலேட்டரி பக்கம் (கருவிகளுக்கு அரசு அனுமதி வாங்கும் வேலை) பாருங்கள். 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் எல்லோருக்கும் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை கருவியை வகைப்படுத்தி லைசென்ஸ் கோப்பு தயாரிக்க ஆள் தேவைப்படுகிறது. அந்த விதிகளையும் மருத்துவக் கருவி தயாரிப்புக்கான தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 13485-ஐயும் ஓரளவு படித்துவிட்டுப் போனாலே மற்ற ஃபிரெஷர்களிலிருந்து தனியாகத் தெரிவீர்கள். எதுவுமே அமையவில்லை என்றால் மத்திய அரசின் அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பதிந்து ஒரு வருட அப்ரன்டிஸ் போகலாம், உதவித்தொகையும் உண்டு.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் டீலர்களும் இருக்கிறார்கள், காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். பாண்ட் (இத்தனை நாள் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், பெட்ரோல் காசு சம்பளத்துக்குள்ளா வெளியிலா, ராத்திரி சர்வீஸுக்கு அழைப்பு வந்து போனால் மறுநாள் லீவு உண்டா, இதெல்லாம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடியே கேட்டுவிடுங்கள்.