பாலம் தாண்டிய 25 நாள்

23.09.2024, திங்கள்
புற்றுநோய்க்காக ஜூலையில் அம்மாவின் கருப்பையை எடுத்தார்கள். இன்று ரேடியோதெரபி, அதாவது கதிர் சிகிச்சை, தொடங்கியது; வாரம் 5 நாள், மொத்தம் 25 தடவை. மிஸ்ஸி (நர்ஸ்) ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அதை அடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். கருப்பை இருந்த இடத்தில் சிறுகுடல் சரிந்து இறங்கிவிடுமாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிவிடும், கதிர் குறைவாகப் படும்.

25.09.2024, புதன்
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டிப் பினாங்குத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே அம்மா போத்தலைக் காலி செய்துவிட்டார். நடுப்பாலத்தில் ஜாம். முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி சீட் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், பாவம். போய்ச் சேர்ந்ததும் அடக்க முடியவில்லை. மறுபடி குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இனி ஆஸ்பத்திரியில்தான் போத்தலைத் திறப்பது.

09.10.2024, புதன்
13வது நாள். விடியற்காலையில் கொடியில் 3 கைலி தொங்கியது. ராத்திரியில் தானே துவைத்துப் போட்டிருக்கிறார்.
“எத்தனை தடவைம்மா?”
“அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?”
நானே சொன்னேன். டாக்டருக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பலருக்கும் வயிறு போகத் தொடங்குமாம். பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெராமைட் எழுதித் தந்தார், கூடவே ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்). பால் சேரவில்லை என்றால் கொஞ்ச நாள் நிறுத்தலாம். ஆனால் பயந்து வெறும் கஞ்சியோடு இருக்கக் கூடாது, எடை குறையும். ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் உடனே வரச் சொன்னார். இந்த ஒரு பேச்சுக்காக அம்மா 4 நாள் தவித்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எத்தனை தடவை என்று தினமும் எழுத ஆரம்பித்தேன்.

25.10.2024, வெள்ளி
கடைசி நாள். முடிந்த பிறகும் ஓரிரு வாரம் வயிறு இப்படித்தான் இருக்கும் என்றார்கள். வரும் வியாழன் தீபாவளி. முறுக்கு சுட்டோம், அம்மா ஒன்றே ஒன்று கடித்துப் பார்த்தார்.

14.06.2025, சனி
எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஏப்ரலில் மறுபடியும் தொடங்கியது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் உடனே ஓட வேண்டும், ராத்திரியிலும் எழுப்பிவிடும். வயசாகிவிட்டது என்று சொல்லிக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கதிரின் பாதிப்பு மாதங்கள் கழித்து, சில வருடங்கள் கழித்துக்கூட வரலாம் என்று யாரும் எங்களிடம் அழுத்திச் சொல்லவில்லை.

குடல் டாக்டர் முதலில் கேமரா விட்டுப் பார்த்தார். புற்று திரும்பவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் படம் வரைந்து காட்டினார்: சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சுவது. அது பாதிக்கப்பட்டால் பித்தம் பெருங்குடலுக்குள் போய், தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். அந்தப் பித்தத்தைப் பிடித்துக்கொள்ள கொலஸ்டிரமைன் பொடி. அது மற்ற மருந்தையும் சேர்த்துப் பிடித்துவிடுமாம். அதனால் தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் பல மணி நேர இடைவெளி விடுகிறோம்.

பொடி தொடங்கி 9 நாள். நோட்டில் இன்று அம்மாவே எழுதியிருக்கிறார்: ‘இரவு 0, காலை 1. கோயில் போனேன்.’