பத்து மைக்ரான் குறிப்புகள்

டிசம்பர் 27, முத்தோரை (ஊட்டி அருகே)

விடுமுறைக்கு ஊருக்கு வந்தாலும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் விடுவதாக இல்லை. நடு அகச்சிவப்பில் ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, ஒவ்வொன்றாக எண்ணுவது ஏன் இவ்வளவு பாடாக இருக்கிறது என்று விளக்க வேண்டும்.

அடிப்படை எளிது. எங்கள் உணரி ஒரு மீகடத்தி நானோகம்பி: குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மிக மெல்லிய கம்பி. அதில், அது தாங்கும் உச்சத்துக்குச் சற்றுக் கீழே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோட்டான் விழுந்த இடத்தில் மீகடத்தல் குலைந்து மின்தடை முளைக்கும். ஒரு துடிப்பு வெளியே வரும். 2001-இல் கோல்ட்ஸ்மன் குழு நியோபியம் நைட்ரைடில் இதைச் செய்து காட்டியது. தொலைத்தொடர்பில் பயன்படும் 1.55 மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீள ஃபோட்டானிடம் 0.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. 10 மைக்ரானில் வெறும் 0.124. கம்பியை உலுக்க அது போதாது.

டிசம்பர் 28

கம்பியைச் சன்னமாக்கலாம், அகலத்தைக் குறைக்கலாம். பெரிய மாற்றம் வந்தது பொருளில்தான். டங்ஸ்டன் சிலிசைடில் சிலிக்கானைக் கூட்டினால் மீகடத்தும் வெப்பநிலை இறங்குகிறது, எலக்ட்ரான் அடர்த்தியும் குறைகிறது. ஆற்றலைப் பங்கிட எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் ஒரே ஃபோட்டானின் அடி பலமாக விழுகிறது. இப்படித்தான் 2021-இல் 10 மைக்ரான் வரையும் 2023-இல் 29 மைக்ரான் வரையும் போனார்கள். அதற்கு விலையும் உண்டு: 1 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்க வேண்டும், மின்னோட்டம் குறைவதால் துடிப்பும் சிறுத்துவிடும்.

29 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கம் இல்லை. கம்பிக்குள் போன ஃபோட்டான் தவறாமல் துடிப்பைத் தருவது ஒன்று. விழுகிற ஒளியில் எவ்வளவு கம்பிக்குள் போகிறது என்பது வேறொன்று. ஒளியைத் திருப்பிவிடக் கம்பிக்கு அடியில் தங்கப் படலமும் இடையில் கால் அலைநீளத் தடிமனில் ஒரு அடுக்கும் வைப்பார்கள். 1.55-க்கு அந்த அடுக்கு சிலிக்கா. ஆனால் 9 மைக்ரான் பக்கம் சிலிக்காவே ஒளியை விழுங்கிவிடும். ஒளியைக் கொண்டுவரும் சாதாரண ஒளியிழையும் சிலிக்காதான், அதனால் அந்த வழியும் அடைப்பு.

டிசம்பர் 30

உறைபனி. கேரட் பாத்தி ஓரத்துப் புல்லெல்லாம் வெள்ளை. செருப்பு பட்டால் நொறுங்குகிறது. மாமா நேற்றே தேயிலை நாற்றுக்கு மேல் தழை போட்டு மூடியிருந்தார்.

“மேகம் இருந்தா இது கொட்டாது மாப்ளே. நேத்து வானம் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு, அப்பவே தெரியும்.”

உண்மைதான். தரையின் வெப்பம் 10 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பாகத்தான் அதிகம் வெளியேறுகிறது. 8 முதல் 13 மைக்ரான் வரை காற்று அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மேகமோ தழையோ மேலே இருந்தால் அதுவும் அதே அகச்சிவப்பில் ஒளிர்ந்து கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும்.

மாமாவுக்கு வரமான அந்த ஒளிர்வுதான் எனக்குத் தலைவலி. உணரியைக் குளிர்விக்கும் குளிர்கலத்தின் ஜன்னல், உலோகச் சுவர், பக்கத்தில் நிற்கும் நான், எல்லாமே 10 மைக்ரானில் ஃபோட்டானைக் கொட்டுகிறோம். உணரியைக் கூர்மையாக்க ஆக்க எங்களையும் சேர்த்தே எண்ணும். வேண்டாத ஒளியைத் தடுக்கும் வடிகட்டிகளையும் உள்ளே குளிரவைக்காவிட்டால் நல்ல கம்பி இருந்தும் பயனில்லை.

ஜனவரி 1

வேலை ஓடவில்லை. ரேடியோ தொலைநோக்கிப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 2

கைடிடம் போனில் பேசினேன். பயன் பற்றி ஒரு பத்தி வேண்டுமாம். வேற்றுச் சூரியன்களின் கோள்களில் ஓசோனை 9.6 மைக்ரானிலும் கார்பன் டை ஆக்சைடை 15 மைக்ரானிலும் தேடலாம். அவ்வளவு மங்கலான ஒளியில் பொய்த் துடிப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். அத்தியாயத்தில் பின்னணி ஒளிர்வு பற்றிய பகுதியைக் கம்பியின் பொருள் பற்றிய பகுதிக்கு முன்னால் கொண்டுவரலாமா என்றும் கேட்டேன்.

“சரி, மாத்துங்க. ஆனா சிலிக்காவுக்குப் பதிலா என்ன போடப்போறீங்கன்னு சொல்லாம அனுப்பாதீங்க.”

சிலிக்கான் படலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.