கரையில் நிற்கவும் கற்றுக்கொண்டேன்

கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றை விடுதியாக்கி, பின்கட்டில் நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. குளத்தைப் பார்த்துக்கொள்ள சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும் என்று உயிர்காப்பாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

விண்ணப்பம், ஆதார் நகல், டாக்டர் சான்று எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. நீச்சல் தேர்வும் சிரமமில்லை. மூழ்குகிற ஆளைப் பார்த்தபடியே போக வேண்டும் என்பதால் தலையை மேலே வைத்து நீந்தச் சொன்னார்கள். கிணற்றில் பழகியவர்களுக்கு அதுதானே இயல்பு!

அப்புறம்தான் பெண்டு நிமிர்ந்தது. மாஸ்டர் முதலில் பழக்கியது குதிக்காமல் இருக்க. தண்ணீரில் தவிப்பவர் எட்டுகிற தூரமா, கம்பையோ துண்டையோ நீட்டு. எட்டாதா, கயிறோ மிதவையோ எறி. படகு இருந்தால் படகில் போ. இதில் எதற்குமே வழியில்லை என்றால்தான் நீந்திப் போகலாம், அதுவும் கையில் மிதவையோடு. நீட்டும்போது நிற்கக் கூடாது, கரையில் குப்புறப் படுத்துவிட வேண்டும். நின்றால் அவர் இழுக்கிற இழுப்பில் நாமும் உள்ளே.

கயிறு எறிவதற்கே ரொம்ப நேரம் போனது. ஆளைக் குறிபார்த்து எறிந்தால் முன்னாலேயே விழுந்துவிடும். தலையைத் தாண்டிப் போகும்படி எறிந்தால்தான் கயிறு தோள்மேல் விழும், அவரும் பிடிப்பார். நம் பக்க முனையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முழுக்கயிறும் பறந்துவிடும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் சேலைகளை வீசியே இரண்டு இளைஞர்களை மீட்டு, கல்பனா சாவ்லா விருது வாங்கியதை மாஸ்டர் அப்போது சொன்னார்.

மூழ்குகிறவர் நம் கழுத்தைக் கட்டிக்கொண்டால் விடுபடும் பயிற்சிக்கு எனக்கு ஜோடியாக வந்தவர் தேவகோட்டைக்காரர், நல்ல கனத்த உடம்பு. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து கீழே போக வேண்டும். மூழ்குகிறவர் தவிப்பது காற்றுக்குத்தான், அதனால் கீழே போகிறவனை அவரே விட்டுவிடுவார். சொல்வது சுலபம். மேலே போயே ஆக வேண்டும் என்று உடம்பு அடம்பிடிக்கும்.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவதெல்லாம் பெரும்பாலும் சினிமாவில்தான். வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், கத்த மூச்சு இருக்காது. அந்த நிலைக்கு வந்தவர் 20 முதல் 60 வினாடிக்குள் உள்ளே போய்விடலாம். குளத்துக் காவலில் செல்போனைப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது போதாதா?

முதலுதவியில் எங்கள் ஊர்ப் பழக்கத்தோடு நேரடி மோதல். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டுமே கூடாது. நேரம் போவதோடு, வயிற்றிலிருந்து வருவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மூச்சில்லை என்றால் ஒருவரை 108க்குப் பேசச் சொல்லிவிட்டு, முதலில் 5 முறை வாயில் ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், திரும்பத் திரும்ப. அழுத்தம் 5 செ.மீ.க்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. பொம்மைமேல் இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும்.

சான்றிதழ் வாங்கி வந்தபோது ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்திருந்தது. விடுதிக் குளத்தில் ஆழம் எழுதியிருக்கும். கண்மாயில் மண் அள்ளிய பள்ளம் வெளியே தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். ஊருணிப் படியில் பாசி, திறந்த மடையருகே உள்ளிழுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி இதையெல்லாம் சொல்கிறேன், துண்டு நீட்டிப் பழக்குகிறேன்.

ஊருணிக் கரை வேப்பமரத்தில் கயிறு கட்டி ஒரு காலி பிளாஸ்டிக் கேனும் தொங்கவிட்டேன். கயிறு இருந்தது, கேனை யாரோ தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது வேறு கேன், மூடியை எம்-சீல் வைத்து அடைத்தாயிற்று. தண்ணீரும் புகாது, தண்ணீர் பிடிக்கவும் உதவாது.